அம்பது பேருக்கான குளிர்ச்சி

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த நாள் ஒன்று. பூமித்தாயின் மடிக்குள் ஒளிந்திருக்கும் குளிர்ச்சியைக் கண்டுபிடித்து அதை வீட்டுக்குள் கொண்டுவந்த நாள் இன்னொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே உலகத்தில் சொல்லிக்கொள்ளும்படியாக எதுவும் நடந்துவிடவில்லை. கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையம் சாலையிலிருந்து பிரிந்து போகும் ஒரு கிளைச்சாலையின் ஓரத்தில், முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் பொன்னுரங்கம் இப்படித்தான் கருதினார். கருதும்போது அவர் தலையில் ஈரத்துண்டு இருந்தது. இரண்டு கால்களும் ஒரு பித்தளை அண்டாவுக்குள் இருந்தன.

வெயில் எல்லாருக்கும் பொது. ஆனால் அவருக்கு வெயிலைவிட அதிகமாகச் சுட்டது நைனார்பாளையம். அங்கேதான் மகளைக் கொடுத்திருந்தார். சம்பந்தி கந்தசாமி அந்தச் சித்திரையில் சன்னலைப் பெயர்த்து ஒரு ஏ.சி. பெட்டி மாட்டிவிட்டார். அதைப் பார்க்கச் சங்கராபுரத்திலிருந்துகூட ஆட்கள் பஸ் ஏறிப் போனார்கள். பொன்னுரங்கமும் போனார். ஒரு மணி நேரம் அதற்கு எதிரே உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே வந்து பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"இன்னா சம்பந்தி, ஒழுவுது?"

"அது அப்பிடித்தான் ஒழுவும்."

வீட்டுக்கு வந்து மனைவி பச்சையம்மாளிடம் சொன்னார். "வெக்கங்கெட்ட மிசினு. நாலு பேரு பாக்கற எடத்துல நின்னு ஒழுவிக்கினு கீது. நம்ம வூட்டுல அந்த மாதிரி எதுவும் ஒழுவக் கூடாது."

ஒழுகாத இயந்திரத்தைத் தேடியதில்தான் மெட்ராசிலிருந்து அன்புச்செல்வன் வந்து சேர்ந்தான். இளம் இன்ஜினியர். அவன் கம்பெனி அதுவரை ஒரு விதைக் கிடங்குக்கும் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கும் இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்திருந்தது. மனிதர்கள் குடியிருக்கும் வீடு அவனுக்கு இதுதான் முதல். அதனால் கொஞ்சம் பயந்தபடியே விளக்கினான்.

"ரெண்டு ஆள் ஆழத்துக்குக் கீழ மண்ணு எந்தக் காலத்துலயும் ஒரே சூட்டுல இருக்கும் சார். அங்க சிமெண்ட் குழாயப் பதிச்சு, ஒரு ப்ளோயர் வெச்சுக் காத்த இழுத்து வூட்டுக்குள்ள விடுவோம். வெளிக்காத்து கொதிச்சாலும் குழாய்க்குள்ள போய் வரும்போது ஜில்லுனு வரும்."

"ஒழுவுமா?"

"இது காத்துக் குழாய் சார். இதுல தண்ணியே கிடையாது."

பொன்னுரங்கம் எழுந்து தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். இந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போன வருஷத் தேர்தலில் தோற்றதும் பஞ்சாயத்து ஆபீசில் இருந்ததைப் போலவே தச்சனை வைத்து ஒன்று செய்துகொண்டார். அதே தேக்கு, அதே கைப்பிடி. காற்று போக அதே மாதிரி பிரம்புப் பின்னல்.

"சரி, கணக்கு போடு தம்பி" என்றார்.

அன்புச்செல்வன் கூடத்தை அளந்தான். சன்னல்களை எண்ணினான். வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்று விசாரித்தான். கடைசியாக அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"கூடத்துல வழக்கமா எத்தனை பேர் சார் இருப்பீங்க?"

சமையற்கட்டில் அகப்பைச் சத்தம் நின்றது.

"வழக்கமான்னா..." பொன்னுரங்கம் மீசையைத் தடவினார். "ஒரு அம்பது பேரு."

சமையற்கட்டில் ஏதோ கீழே விழுந்து உருண்டது.

முழுப்பொய் என்று சொல்லிவிட முடியாது. தலைவராக இருந்த காலத்தில் காலையில் பட்டா கேட்டு வருகிறவர்கள், சாயங்காலம் பாகப்பிரிவினை பேச வருகிறவர்கள், காரணமே இல்லாமல் வந்து உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போகிறவர்கள் என்று அம்பது பேர் இருந்தது உண்மைதான். ஓட்டு எண்ணிய மறுநாள் காலையில் அந்த அம்பது பேரும் காரணமே இல்லாமல் புதுத் தலைவர் வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். இப்போது அந்த வீட்டில் இருப்பது பொன்னுரங்கமும் பச்சையம்மாளும்தான்.

"ஒரு ஆளு நூறு வாட் பல்பு மாதிரி சார். சும்மா உக்காந்திருந்தாலே அவ்வளவு சூடு வெளிய விடுவாங்க. அம்பது பேருன்னா கூடத்துல அம்பது பல்பு எரியுதுன்னு அர்த்தம்."

"என்னாண்ட வர்றவுங்கள்லாம் பெரிய மனுசங்க. எரநூறு வாட்டா போட்டுக்க."

அன்புச்செல்வன் போட்டுக்கொண்டான்.

"தலவாசல் கதவ சாத்தி வெச்சிருப்பீங்கள்ல சார்? குளிர்ச்சி நிக்கணுமே."

"பட்டப்பகல்ல தலவாசல சாத்தறதா? எழவு வூடா இது? கெரகப்பிரவேசத்தன்னிக்குத் தொறந்த கதவு தம்பி அது. சாத்துன வூட்டுக்கு லட்சுமியும் வர மாட்டா, ஜனமும் வராது."

"தொறந்த கதவுதான், ஜனத்தக் காணம்" என்றது சமையற்கட்டு.

திறந்த கதவுக்காக அன்புச்செல்வன் கணக்கை இன்னும் ஏற்றினான். "மொத்தம் ஏழு டன் வருது சார்" என்றான்.

அதுதான் அவன் செய்த பிழை. மூங்கில்துறைப்பட்டு ஆலை வாசலில் கரும்பு வண்டியோடு நிற்கிற மனிதனுக்கு மரியாதை டன் கணக்கில்தான் கிடைக்கும். ஏழு டன் என்பது ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு குத்தகைக்கு ஓட்டுகிறவன் கணக்கு. இது கரும்பு டன் இல்லை, குளிர்ச்சியை அளக்கும் டன் என்று அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான்.

"எதுவா இருந்தா இன்னா, டன்னு டன்னுதான? பத்துக்குக் கம்மியா இருந்தா வெளிய சொல்லிக்க முடியாது தம்பி."

பத்து டன் ஆயிற்று. வேண்டியதற்கு மேல் பெரிதாகப் போட்டால் பெருமைக்கு நல்லது, குழாய்க்குக் கஷ்டம். டன் ஏற ஏறக் குழாய் நீளும், குழாய் நீள நீளப் பள்ளம் நீளும். அந்த வீட்டில் உண்மையில் இருந்த இரண்டு பேருக்குக் கதவைச் சாத்திக் கணக்குப் போட்டிருந்தால் பள்ளம் கொல்லையிலிருக்கும் முருங்கை மரத்தடியில் முடிந்திருக்கும். வராத அம்பது பேருக்காக அது முருங்கையைத் தாண்டியது. மாட்டுக்கொட்டகையைச் சுற்றிக்கொண்டு வேலியைத் துளைத்தது. அப்போதும் நீளம் போதவில்லை. வேலிக்கு வெளியே ரோடு. ரோட்டுக்கு அந்தப்பக்கம் பொன்னுரங்கத்தின் கரும்புக் கொல்லை.

"ரோட்ட வெட்டித்தான் சார் போகணும்" என்றான் அன்புச்செல்வன்.

"வெட்டிக்க. நான் தலைவரா இருந்தப்ப போட்ட ரோடு. காலைல வெட்டி, கொழாயப் போட்டு, சாயந்திரம் மூடிடப் போறம்."

உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை. அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்திருந்த நேரம். ஊர் இளவட்டங்கள் எல்லாம் கூட்டம், ஊர்வலம் என்று அலைந்துகொண்டிருந்தார்கள். ஒரு வாரச் சாலை மறியல் என்று சுவரெல்லாம் எழுதியிருந்தது. ஆகவே பொன்னுரங்கம் மலைக்குச் சொல்லி அனுப்பிச் சடையனையும் அவன் ஆட்களையும் கூலிக்கு இறக்கினார். ஆறு பேர். மலையில் ஜாகீர்தார்களின் ஆட்சி ஒழிந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும், கீழ்நாட்டான் யாராவது குரலை உயர்த்தினால் தலைத்துண்டு தானாக இடுப்புக்கு இறங்கும் வழக்கம் அவர்களிடம் இன்னும் ஒழியவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பயந்து பழகியவர்கள் என்பதால் பயப்படவேண்டிய நேரம் அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும்.

"ஐயா, மறியல்னு சொல்றாங்க. ரோட்ல கைய வெக்கலாங்களா?" என்றான் சடையன்.

"மறியல்லாம் மெயின் ரோட்லடா. இங்க எவன் வர்றான்?"

வெட்டினார்கள். ரோடு இரண்டு ஆள் ஆழத்துக்கு, குறுக்கே, நூல் பிடித்த மாதிரி திறந்தது. விழுப்புரத்திலிருந்து அன்றே வரவேண்டிய சிமெண்ட் குழாய் லாரி மறுநாள் காலைக்குத் தள்ளிப்போனது.

மறுநாள் காலை மறியல் தொடங்கியது. லாரி வரவில்லை. அதற்கும் இவர்களுக்கும் நடுவே எத்தனை புளியமரம் விழுந்து கிடந்தது என்று எண்ணிச் சொல்ல ஆள் இல்லை.

வெயில் ஏறியபோது கடப்பாரை, கோடாலி, ரம்பத்தோடு ஒரு கூட்டம் கிளைச்சாலைக்கு வந்தது. முன்னால் வந்தவன் மாயவன். போன தேர்தலில் புதுத் தலைவருக்காகச் சைக்கிளில் மைக் கட்டிக்கொண்டு சுற்றியவன். ரோட்டை வெட்ட வந்தவன், ரோடு ஏற்கெனவே வெட்டிக் கிடப்பதைப் பார்த்து அப்படியே நின்றான். எட்டிப் பார்த்தான். ஒரு கல்லைப் போட்டுப் பார்த்தான்.

"யப்பா! நாங்க ஒரு மொழம் எடுக்கறதுக்கே மூச்சு வாங்குது. பஸ்ஸையே பொதைக்கலாம் போல கீதே. யாரு வேல இது?"

வேலிக்கு உள்ளே பொன்னுரங்கம் நின்றுகொண்டிருந்தார். அன்புச்செல்வன் அவர் காதருகே, "சார், குழாய்க்குன்னு சொல்லிடுங்க சார், குழாய்க்குன்னு" என்றான்.

"தலைவரே, நீங்களா?" என்றான் மாயவன்.

ஒரு வருஷமாக யாரும் அவரைத் தலைவரே என்று கூப்பிட்டதில்லை. கூட்டத்தில் யாரோ "தலைவர் பொன்னுரங்கம்" என்று குரல் கொடுக்க, மற்றவர்கள் "வாழ்க!" என்றார்கள். பொன்னுரங்கத்தின் வாய் அவரைக் கேட்காமலே திறந்தது.

"பின்ன? ஜனங்களுக்காக நான் இதுகூடச் செய்ய மாட்டனா? என் வூட்டுல எப்பவும் அம்பது பேரு கீறாங்க. ஒரு கண்ணு காட்டுனேன், எடுத்துட்டாங்க."

இன்னொரு வாழ்க விழுந்தது. புறப்படும்போது மாயவன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

"மூடிடாதீங்க தலைவரே. போலீசு மெரட்டுனாலும் மூடிடாதீங்க. மூடுனவங்க பேர எங்க ஜனம் மறக்காது."

மாயவன்தான் சிரித்தான். அவன் தோளிலிருந்த கோடாலி சிரிக்கவில்லை.

கூட்டம் போனதும் சாலை ஓய்ந்துபோனது. கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து எப்போதும் கேட்கும் பஸ் ஆரன் இல்லை. ஆலைக்குப் போகும் டிராக்டர் இல்லை. மெயின் ரோட்டில் எங்கோ ஒரு மரம் சாயும் சத்தம் கேட்டது. முதலில் முனகல், அப்புறம் முறிவு, அப்புறம் மண் அதிர்வு. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வயல் வழியாக வந்த பால்காரன் வாசலோடு பாலை ஊற்றிவிட்டு, "வடக்க சுட்டுட்டாங்களாம். வேன் வேனா ஏத்திக்கினு போறாங்களாம். ஏத்துனவங்க எங்கன்னே தெரிலையாம்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனான்.

பொன்னுரங்கம் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போதுதான் பயம் அவருக்குள் ஒழுங்காக வந்து இறங்கியது. முதலில் அடிவயிற்றில், பிறகு காதில். மாவு மிசின் ஓடினால் ஜீப் மாதிரிக் கேட்டது. மாடு பெருமூச்சு விட்டால் ஜீப் மாதிரிக் கேட்டது. எதுவுமே கேட்காவிட்டால் ஜீப்பை நிறுத்திவிட்டு நடந்து வருகிறார்கள் என்று தோன்றியது.

"ஏங்க, சடையனாண்ட சொல்லி மூடிட வேண்டிதான?" என்றாள் பச்சையம்மாள்.

"மூடுனா மாயவன் வருவான், கோடாலியோட."

"அப்ப உட்டுடுங்க."

"உட்டா போலீசு வரும், வேனோட."

"பாதி மூடுங்க."

பொன்னுரங்கம் இதைக் கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தார்.

சடையன் கொல்லை வாசலில் வந்து நின்றான். "ஐயா, நாங்க மலைக்குப் போயிடறோம். ரோட்ல போவல. காட்டு வழி தெரியும்."

"போனீங்கன்னா ஓடிப்போன கூட்டம்னு ஆயிடும். இங்கியே கெடங்க. போயி பள்ளத்தாண்ட குந்திக்கினு இருங்க."

"அங்க எதுக்குங்க?"

"காவலுக்கு. கடப்பாரைய கையில வெச்சிக்கினு குந்துங்க."

இதைச் சொன்னபோது பொன்னுரங்கத்தின் மனத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்றே அவர் நம்பினார். ரோட்டில் வரும் போலீஸ்காரர் முதலில் பார்ப்பது, வெட்டிய பள்ளத்தின் அருகே கடப்பாரையோடு உட்கார்ந்திருக்கும் ஆறு பேரைத்தான் என்பது தற்செயல். சடையன் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தான். அவனுக்குப் புரிந்தது. புரிந்தும் போய் உட்கார்ந்தான். வேறு இடத்தில் உட்காரச் சொல்லி அவனுக்கு யாரும் கற்றுத் தந்ததில்லை.

அன்புச்செல்வன் தூணில் சாய்ந்துகொண்டு, தான் மெட்ராசில் பிறந்தவன், இந்த ஊர் பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாதவன் என்பதை எப்படி நிரூபிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

நடுப்பகலில் நிஜமான ஜீப் சத்தம் கேட்டது. கூடவே வேன் சத்தம்.

"கதவு! தலவாசல சாத்து!" என்று பொன்னுரங்கம் கத்தினார்.

இரண்டு ஆள் உயரத் தேக்குக் கதவு. யாளி, அன்னம், கொடி எல்லாம் செதுக்கியது. கிரகப்பிரவேசத்தன்று திறந்த பிறகு அதை யாரும் அசைத்ததில்லை. பொன்னுரங்கமும் பச்சையம்மாளும் அன்புச்செல்வனும் சேர்ந்து தள்ளினார்கள். எத்தனையோ மழையில் ஊதியிருந்த மரம் முக்கால்வாசி வந்தது, தரையைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. மிச்சமிருந்த இடைவெளி சரியாக ஒரு போலீஸ்காரர் அளவுக்கு இருந்தது.

அதன் வழியாக இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். வேறு ஜில்லாவிலிருந்து வந்தவர். தூங்காத கண். காக்கியெல்லாம் புழுதியும், வழியில் கிடந்த மரங்களை அறுத்துத் தள்ளிய தூளும். அவருக்குப் பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள், அவர்களுக்கு நடுவே சடையனும் ஐந்து பேரும். தலைத்துண்டுகள் இடுப்பில் இருந்தன. வேலிக்கு வெளியே, கொஞ்சம் எட்டி, மாயவனும் ஊர்க்காரர்கள் சிலரும் நின்றார்கள். தங்கள் தலைவர் எப்படிக் கைதாகிறார் என்று பார்க்க வந்தவர்கள்.

"யாரு பொன்னுரங்கம்?"

பொன்னுரங்கம் பின்வாங்கினார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ரோட்ட யாரு வெட்டுனது?"

"அது ரோடு வெட்டுனது இல்லைங்க." குரல் தனக்குச் சொந்தமில்லாத இடத்திலிருந்து வந்தது. "அது... குளிர்ச்சிங்க."

"என்னது?"

"பூமிக்குள்ள குளிர்ச்சி கீதுங்க. எடுக்கறதுக்கு."

இன்ஸ்பெக்டர் போலீஸ்காரரைத் திரும்பிப் பார்த்தார். காலையிலிருந்து எத்தனையோ காரணம் கேட்டவர், இது புதிது.

அன்புச்செல்வன் முன்னால் வந்தான். பயத்தில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றாக வெளியே வந்தது. மண்ணின் சூடு, குழாய், ப்ளோயர், டன். கடைசியில் ஒரு தொழில்காரனின் நேர்மையோடு, "அம்பது பேருக்கான கணக்கு சார். அதனாலதான் பள்ளம் ரோடு வரைக்கும் வந்துடுச்சு" என்று முடித்தான்.

"அம்பது பேரு." இன்ஸ்பெக்டர் மெல்ல முன்னால் வந்தார். "ஊருக்குள்ளயும் அதத்தான் சொன்னாங்க. பொன்னுரங்கம் வீட்டுல அம்பது பேரு, அவங்கதான் வெட்டுனாங்கன்னு. நான் நம்பல. இப்ப நீங்களே சொல்றீங்க. எங்க அவங்க?"

போலீஸ்காரர்கள் மாடிக்கு ஏறினார்கள். எட்டு அறையையும் திறந்து பார்த்தார்கள். எட்டிலும் ஒட்டடை. ஓர் அறையில் மடக்கு நாற்காலிகள், வாங்கிய தாளோடு அடுக்கியிருந்தன.

"ஓடிட்டாங்க போல சார். உக்கார நாற்காலிகூட இருக்கு."

"இங்க ஆறு பேரு இருக்கானுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "ஏத்து இவனுங்கள. வேன்ல போயி உக்காந்தா மிச்சப் பேர் எங்கன்னு சொல்லிடுவானுங்க."

போலீஸ்காரரின் கை சடையன் தோளில் விழுந்தது. சடையன் தரையில் உட்கார்ந்து கும்பிட்டான்.

"சாமி, நாங்க கூலிக்கு வந்தவங்க. மலையில புள்ளைங்க இருக்குதுங்க. ஐயா, நீங்க சொல்லுங்க. எதுக்கு வெட்டச் சொன்னீங்கன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

எல்லாரும் பொன்னுரங்கத்தைப் பார்த்தார்கள். வேலிக்கு வெளியிலிருந்தும் பார்த்தார்கள்.

வாய்க்குள் அப்போது சுலபமான ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. இவனுங்கதான் சார், எனக்கு ஒண்ணும் தெரியாது. அதைச் சொன்னால் மாயவன் முன்னால் கௌரவம் கொஞ்சம் குறையும், ஆனால் அம்பது பேர் அப்படியே இருப்பார்கள். வேன் சடையனோடு போய்விடும். பொன்னுரங்கம் வாயைத் திறந்தார்.

"இவனுங்க..."

பச்சையம்மாள் சமையற்கட்டிலிருந்து வந்து இன்ஸ்பெக்டர் காலடியில் ஒரு பானையை வைத்தாள். அடிப்பக்கம் கரி. உள்ளே மத்தியானச் சோறு.

"இதான் சார் எங்க வூட்டு சோத்துப் பானை. நல்லாப் பாத்துக்கங்க. இதுல அம்பது பேருக்கு ஆக்கணும்னா நான் பொழுதன்னிக்கும் அடுப்பாண்டதான் குந்திக்கினு இருக்கணும். இந்த வூட்டுக்கு எவனும் வர்றதில்ல சார். எலெக்சன்ல தோத்ததுலேர்ந்து பால்காரன் ஒருத்தன்தான். அவனும் வாசலோட ஊத்திட்டு ஓடிடறான்."

இன்ஸ்பெக்டர் குனிந்து பானையைப் பார்த்தார். பசித்திருந்தவர் என்பதால் அளவைச் சரியாகவே மதிப்பிட்டார். பிறகு பொன்னுரங்கத்திடம் திரும்பினார்.

"அம்மா சொல்றது நெசமா? நீங்க சொல்லணும். வேற யாரும் பேசக்கூடாது."

பொன்னுரங்கம் சன்னல் வழியாக வேலியைப் பார்த்தார். மாயவன் பெருவிரலில் எக்கி நின்றுகொண்டிருந்தான். சடையனைப் பார்த்தார். பிறகு வேனைப் பார்த்தார். அதன் பின்கதவு திறந்திருந்தது, உள்ளே இருட்டாக இருந்தது. அந்த இருட்டில் இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருந்தது. ஒரு வருஷமாகக் கட்டிக் காத்ததெல்லாம் அவருக்குள் மளமளவென்று சரிந்தது.

"வர்றதில்லைங்க" என்றார்.

"சத்தமா."

"யாரும் வர்றதில்லைங்க! நாங்க ரெண்டே பேருதாங்க இந்த வூட்ல! அம்பது பேருன்னு நான் சும்மா சொன்னேங்க! அந்தப் பசங்க மேல தப்பு இல்லைங்க, நான்தான் வெட்டச் சொன்னேன். கொழாய்க்குங்க, கொழாய்க்கு!"

"சும்மா எதுக்குய்யா அம்பது பேருன்னு சொன்னீரு?"

"மிசினு பெருசா வருங்க."

"பெருசா வந்து?"

"சம்பந்தி வூட்ல ஏ.சி. கீதுங்க."

இன்ஸ்பெக்டர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் சற்று நேரம் குலுங்கின. போலீஸ்காரர்கள் உத்தரத்தில் எத்தனை கட்டை இருக்கிறது என்று எண்ணினார்கள். வேலிக்கு வெளியே யாரோ வாய்விட்டே சிரித்தார்கள். சடையன் தோளிலிருந்து கை எடுபட்டது.

"தம்பி" என்று இன்ஸ்பெக்டர் அன்புச்செல்வனைக் கூப்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பேருக்குன்னா பள்ளம் எதுவரைக்கும் வரும்?"

"முருங்கை மரம் வரைக்கும் போதும் சார்."

"அப்ப முருங்கை மரத்துக்கு அந்தாண்ட எல்லாத்தையும் மூடு. ரோடு முதல்ல."

ரோட்டை மூடினார்கள். சடையன் ஆட்கள் மண் தள்ள, வேனிலிருந்து இறங்கிய நாலு போலீஸ்காரர்கள் மிதித்துக் கெட்டிப்படுத்தினார்கள். போலீசே நின்று மூடியதால் மாயவனுக்கும் பொன்னுரங்கத்தின் மேல் கோபம் வைக்க வழியில்லை. கோபம் வைக்கிற அளவுக்கு இனி அவர் பெரிய ஆள் என்று அவனுக்குத் தோன்றவும் இல்லை. கோடாலியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "அம்பது பேரு, அம்பது பேரு" என்று சொல்லிக்கொண்டே போனான்.

சடையன் கூலியை வாங்கிக்கொண்டு தலைத்துண்டை மறுபடி தலையில் கட்டினான். காட்டு வழி ஏறுவதற்கு முன், "ஐயா, இன்னொரு தபா ஆழமா எடுக்கணும்னா கெணறா எடுங்க. தண்ணியாவது வரும்" என்றான். ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராக மலைப்பக்கம் போனார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் விடைபெறக் கூடத்துக்குள் வந்தார். பெரிய அதிகாரி புறப்படும்போது எழுந்து நின்று வழியனுப்புவது முறை. பொன்னுரங்கம் எழுந்திருக்கவில்லை. போலீஸ்காரர் ஒருவருக்குக் கோபம் வந்தது. "இன்னும் அந்தத் திமிரு போகல பாருங்க சார்" என்றார்.

இன்ஸ்பெக்டர் அவரைக் கையமர்த்தினார். அவர் பார்வை பொன்னுரங்கத்தின் முகத்திலிருந்து இறங்கி நாற்காலிக்கு வந்தது, பிரம்புப் பின்னலுக்கு வந்தது, அதற்குக் கீழே நனைந்திருந்த சிமெண்ட் தரைக்கு வந்தது. சிறிது நேரம் அங்கேயே நின்றது.

"மிஷினு ஒழுகுது போல" என்றார், தணிந்த குரலில். "பாத்துக்கங்க."

அன்புச்செல்வன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பச்சையம்மாள் அவனைப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

ப்ளோயர் கோயம்புத்தூரிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. வந்திருந்தாலும் அதில் தண்ணீர் கிடையாது.